நாக்குநீட்டி வீட்டு மாடிக்காரி

மொன்வியேல் ஊரில் மரத்துக்குக் கிடைக்கிற மரியாதை மனிதர்களுக்குக் கிடைக்காது. ஐந்நூறு வயதான உத்தரம் லேசாக விரிசல் விட்டால் தலைநகரிலிருந்து நிபுணர் ஓடி வருவார், வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு தடவிப் பார்ப்பார். எண்பது வயது மனுஷிக்கு இடுப்பில் விரிசல் விட்டால் மருத்துவர் அடுத்த மாதம் வரச் சொல்வார். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உத்தரம் வாயைத் திறக்காது. சொலான்ஜ் பூர்தெல் திறப்பாள்.

நகராட்சிப் பள்ளியின் சாப்பாட்டுக்கூடத்தை ஓய்வு பெறும்வரை மேற்பார்வை பார்த்தவள் அவள். தட்டில் மிச்சம் வைத்துவிட்டு எழுந்த குழந்தை அந்தக் கூடத்தின் சரித்திரத்திலேயே கிடையாது. செவ்வாய்தோறும் மாட்டுக்குடல் குழம்பு. வாயை மூடிக்கொள்ளும் குழந்தைகளின் மூக்கை இரண்டு விரலால் பிடிப்பாள். மூச்சுக்கு வாய் திறக்கும், கரண்டி உள்ளே போகும். வாந்தி எடுத்தவர்களுக்கு இன்னொரு கரண்டி. இன்று ஊரில் வழுக்கையோடும் தொப்பையோடும் கௌரவமாக நடமாடும் பலர் அப்படி வளர்ந்தவர்கள்தான். மேயர் திதியே கோம்ப் அவர்களில் ஒருவர். உணவகத்தில் குடல் வாசனை வந்தால் இப்போதும் மேஜை மாற்றிக்கொள்வார்.

சந்தைச் சதுக்கத்தின் மூலையில் அவள் வீடு. கீழே கல், மேலே மரச்சட்டங்கள், ஒவ்வொரு மாடியும் கீழ்மாடியைவிடக் கொஞ்சம் தெருவுக்குள் துருத்திக்கொண்டிருக்கும். மூலைத்தூணில் ஒரு மர மனிதன் சதுக்கத்தைப் பார்த்து நாக்கை நீட்டிக்கொண்டிருப்பதால் நாக்குநீட்டி வீடு என்று பெயர். அவளுடைய அப்பா அதை வாங்கிய காலத்தில் பழைய வீடு என்றால் ஏழை வீடு என்று அர்த்தம். பிறந்தது அங்கே, கல்யாணம் செய்துகொண்டு புருஷனைக் கூட்டிவந்ததும் அங்கேயே. புருஷன் ரேமோன் கையில் தொழில் உள்ளவன். கறுத்துப்போன உத்தரங்களை அட்டைக் கூரை போட்டு மறைத்தான், சுவரெல்லாம் ஆரஞ்சுப் பூக் காகிதம் ஒட்டினான், பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ரொட்டி வாங்கப் போனவன் திரும்பி வரவில்லை. யாராவது விசாரித்தால், "கடையில கூட்டமா இருக்கும்" என்பாள்.

பல வருஷம் கழித்து ஒரு மழைக்காலத்தில் அந்த அட்டைக் கூரை இடிந்து விழுந்தது. உள்ளே சிவப்புப் பறவைகளும் நீலக் கேடயங்களும் தீட்டிய உத்தரங்கள். பார்க்க வந்த நிபுணர் அழுதுவிட்டார். அந்த அறையில் நின்று ஒருவர் அழுவதை சொலான்ஜ் அதுவரை பார்த்ததில்லை. துடைத்துக்கொள்ளச் சமையல் துணியைக் கொடுத்தாளாம்.

அழுகை முடிந்ததும் சட்டம் வந்தது. வீடு பாதுகாக்கப்பட்ட சின்னம் ஆயிற்று. ஓடு மாற்ற அனுமதி, ஜன்னல் கதவுக்குச் சாயம் பூச அனுமதி, ஒழுகுகிற இடத்தில் வாளி வைப்பதற்கு மட்டும் அனுமதி தேவையில்லை. நாலு குளிர்காலம் வாளி வைத்துப் பார்த்துவிட்டு வீட்டை நகராட்சிக்கு விற்றாள். சாகும்வரை நகராட்சி அவளுக்கு மாதாமாதம் பணம் கொடுக்கவேண்டும், மேல்மாடியில் அவள் குடியிருக்கலாம் என்பது ஒப்பந்தம். ஒரே ஒரு நிபந்தனை: தொடர்ந்து மூன்று மாதம் வீட்டுக்கு வெளியே இருந்தால் அந்த உரிமை போய்விடும். நோட்டரி அதை வாசிக்கும்போது நடுவில் அவளுக்கு இருமல் வந்தது. நாள் முழுக்கப் புகைக்கிறவளின் ஆழமான, ஈரமான இருமல். மேயர் கோம்ப் அதைச் சங்கீதம்போலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கையெழுத்துப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்தவள் சிகரெட் பெட்டியை மேயர் சட்டைப்பையில் சொருகினாள்.

"இனிமே எனக்கு வேணாம்டா திதியே. நீ பிடி. உனக்குத்தான் இனி கவலை ஜாஸ்தி."

அன்றோடு விட்டாள். இருமலும் அவளை விட்டது. தினமும் சதுக்கத்தைச் சுற்றி நடந்தாள், கன்னத்தில் சிவப்பு ஏறியது. நகராட்சி மன்றத்தில் அந்த வருஷ வரவுசெலவை வாசித்தபோது மேயரின் குரல் தழுதழுத்தது என்கிறார்கள்.

இந்த நேரத்தில்தான் ஊருக்கு ஆர்மெல் வைஸே அம்மையார் வந்தார். பெருநகரத்தில் மருந்துக்கடை வைத்திருந்து விற்றுவிட்டு, பழைய கற்களுக்காகவே மொன்வியேலில் வந்து குடியேறியவர். மனிதர்களிடம் அவருக்கு விரோதம் ஒன்றும் இல்லை. அவர்கள் கற்களுக்கு முன்னால் நின்று மறைக்காமல் இருந்தால் போதும். 'பழைய வீட்டின் நண்பர்கள்' என்று ஒரு சங்கம் தொடங்கித் தலைவரும் ஆனார். வீடு கட்டியபோது எப்படி இருந்ததோ அப்படியே அதை ஆக்கிவிடுவது சங்கத்தின் லட்சியம். வீடு கட்டியபோது சொலான்ஜ் பிறந்திருக்கவில்லை என்பதை ஆரம்பத்தில் யாரும் கவனிக்கவில்லை.

முதலில் ஜன்னலோரத்து ஜெரேனியச் செடிகள்.

"மதாம் பூர்தெல், தப்பா நினைச்சுக்காதீங்க. இந்த வீடு கட்டினப்ப ஜெரேனியமே இந்த நாட்டுக்கு வரலை" என்றார் ஆர்மெல்.

"அப்படியா? உருளைக்கிழங்கு?"

"அதுவும் வரலை."

"நல்லவேளை சொன்னீங்க. இன்னிக்குச் சாப்பாட்டுக்கு அதைத்தான் வேக வெச்சிருக்கேன். ஜன்னலைச் சாத்திட்டுத் திங்கறேன். மூக்குக்கண்ணாடி வந்துடுச்சா அப்போ?"

"வந்திருக்கும்னுதான்…"

"அப்ப அதைக் கழட்ட வேணாம் நீங்க. போங்க."

செடிகள் போயின. பிறகு வாசல் மணி போனது, வெப்பக் குழாய்கள் போயின. குளிருக்கு ஒரு சின்ன மின்கணப்பு மட்டும் மிஞ்சியது, அதையும் பார்வையாளர் நாட்களில் போர்வை போட்டு மூடி வைக்கவேண்டும். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள். ஆர்மெல் தெருவில் போகும்போது மட்டும் மாடியிலிருந்து அவர் நடையைப் பற்றிச் சத்தமாகக் கருத்துச் சொல்வாள்.

கடைசியில் சங்கத்தின் கண் படிக்கட்டின்மேல் விழுந்தது.

தானிய வியாபாரி ஒருவர் தன் பருத்த உடம்புக்காகப் போட்ட படிக்கட்டு அது. அகலமான படிகள், இரும்புக் கைப்பிடி, நடுவில் மூச்சு வாங்கிக்கொள்ள ஒரு தளம். வீட்டுக்குப் பாதி வயதுகூட ஆகாதது. நிபுணர் அதற்கு ஒட்டுண்ணி என்று பெயர் வைத்தார். அதைப் பிடுங்கிவிட்டு, முதலில் இருந்திருக்கக்கூடிய சுழல் படிக்கட்டைக் கட்டவேண்டும் என்று சங்கம் ஒருமனதாகத் தீர்மானித்தது.

மேயர் நேரில் வந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். "வேலை முடியறவரைக்கும் லிண்டன் இல்லத்துல வந்து இருங்க மதாம். சூடான அறை. வேளாவேளைக்குச் சாப்பாடு."

லிண்டன் இல்லம் ஊருக்கு வெளியே, பேரங்காடிக்குப் பின்னால் உள்ள முதியோர் விடுதி.

"எவ்வளவு நாள் ஆகும்?"

"மூணு மாசம். கொஞ்சம் முன்னபின்ன ஆகலாம்."

"முன்னவா, பின்னவா?"

மேயர் தொப்பியைப் பார்த்தார்.

"நீ சின்ன வயசுலயே பொய் சொல்றப்ப காதுதான்டா சிவக்கும். நான் எங்கேயும் வரலை. வேலையைச் செய்யுங்க, மாடியிலயே இருக்கேன்."

"படி இருக்காதே மதாம்?"

"உனக்குத்தான் இருக்காது. நான் எதுக்கு இறங்கணும்?"

சரி என்று ஒரு திங்கட்கிழமை காலையில் படிக்கட்டைப் பிடுங்கினார்கள். அவள் மாடியில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிப் படி போன பிறகு மாடிக் கதவுக்கு நேர் கீழே இரண்டு ஆள் உயரத்துக்கு வெறும் காற்று. தொழிலாளர்களுக்கு ஓர் ஏணி இருந்தது. காப்பீட்டு விதிப்படி சாயங்காலம் அதை எடுத்துப் பூட்டி வைத்துவிடுவார்கள். பிறகு வேலையே நின்றுபோனது. புதுப் படிக்கட்டு வலப்பக்கம் சுழன்றிருக்குமா, இடப்பக்கம் சுழன்றிருக்குமா என்று நிபுணர்களுக்குள் சண்டை. சுவரில் ஒரு பள்ளம் இருந்தது. வலக்கட்சிக்கு அது ஆதாரம், இடக்கட்சிக்கு அது எலிப்பொந்து. அரசாங்கக் கட்டடக்கலை அதிகாரி கையெழுத்துப் போடாமல் ஓர் ஆணிகூட அடிக்க முடியாது. அந்த அதிகாரி கையெழுத்துப் போட பயந்து மருத்துவ விடுப்பில் போனார்.

ஆக, எண்பது வயதை நெருங்குகிற மனுஷி ஒருத்தி சதுக்கத்துக்கு நடுவில், எல்லார் கண்ணுக்கும் முன்னால், மாடியில் மாட்டிக்கொண்டாள். தீயணைப்பு வண்டி ஏணியோடு எந்த நேரமும் வரத் தயாராக இருந்தது. ஏறி இறக்குவார்கள். மறுபடி மேலே ஏற்றுவது தீயணைப்புத் துறையின் வேலை இல்லை. இது மேயருக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். இறங்கினால் வீடு போய்விடும்.

எதிர்க்கடை ரொட்டிக்காரி நதேஜ் ஒரு கயிறும் கூடையும் கொடுத்தாள். காலையில் கூடை இறங்கும். நதேஜ் அதில் ரொட்டி, ஆட்டுப் பாலாடைக்கட்டி, முட்டை, மருந்து எல்லாம் வைப்பாள். கூடை ஏறும். தங்கமான மனசு என்று ஊரே சொன்னது. கூடை ஏறுவதைப் படம் பிடிக்க வந்த சுற்றுலாக்காரர்கள் அப்படியே அவள் கடையில் வரிசையில் நின்றார்கள் என்பதால் அந்தத் தங்கம் மங்கவே இல்லை. ஆர்மெலுக்கும் கூடை பிடித்துப்போனது. 'பண்டைய பண்டம் தூக்கும் முறை' என்று கீழே ஒரு பலகை வைத்தார்.

படிக்கட்டோடு கழிவுக் குழாயும் போயிருந்தது. அதனால் சொலான்ஜ் வாளியை ஜன்னல் வழியாகக் கவிழ்க்கவேண்டி வந்தது. பெரும்பாலும் சங்கத்தார் வரும் நேரமாகப் பார்த்து.

"மதாம் பூர்தெல்!" ஆர்மெல் சட்டையை உதறியபடி கத்தினார். "இது காட்டுமிராண்டித்தனம்!"

"அந்தக் காலத்து முறைங்க மகாராணி. ஒரு பலகை வைங்க!"

சதுக்கத்து உணவகத்தில் காலை காப்பியோடு பேச்சு இப்படித்தான் நடக்கும்:

"கூடை இறங்கிச்சா?"

"இறங்கிச்சு."

"ச்சே."

"நேத்து லேட்டா இறங்கிச்சு. நான் மேயருக்குப் போனே பண்ணிட்டேன்."

"பாவம், அந்த ஆளு கறுப்பு டை கட்டிக்கிட்டு ஓடியாந்தாராம்."

"மேல இருந்து அந்தம்மா என்ன கேட்டுச்சு தெரியுமா? 'யாருடா செத்தா?'ன்னுச்சு."

குளிர்காலம் முழுக்க மேயர் வாரம் ஒருமுறை ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். அக்கறையான மனிதர்.

"குளுரலையா மதாம்? லிண்டன் இல்லத்துல தரையே சூடா இருக்கும். நடந்தா காலுக்கு இதமா…"

"உங்கம்மா அங்கதான இருக்காங்க? எப்ப போய்ப் பாத்த?"

"போன மாசம்…"

"காது, திதியே. காது."

வசந்தத்தில் அதிகாரி விடுப்பிலிருந்து திரும்பினார், வலப்பக்கம் என்று கையெழுத்திட்டார். கோடை முடிவதற்குள் புதுப் படிக்கட்டு எழுந்தது. உண்மையிலேயே அழகான வேலை. ஒற்றைக் கருவாலி மரத்தூணைச் சுற்றி முறுக்கிக்கொண்டு ஏறும் படிகள். ஒவ்வொரு படியும் முழங்கால் உயரம், ஒரு முனையில் உள்ளங்கை அகலம், மறுமுனையில் கத்திபோலக் கூர்மை. கைப்பிடி கிடையாது. முதலில் இருந்ததற்கு ஆதாரம் இல்லை. கயிறாவது தொங்கவிடலாமே என்று தச்சர் கேட்டார். கயிறு வெறும் ஊகம் என்று ஆர்மெல் மறுத்துவிட்டார்.

சொலான்ஜ் மேலிருந்து அதைப் பார்த்தாள். "இதுல எப்படி ஏறுறது?"

"அந்தக் காலத்துப் பெண்கள் ஏறின மாதிரி" என்றார் ஆர்மெல், கண் கலங்க.

"அவங்களெல்லாம் முப்பது வயசுல செத்துட்டாங்களே."

திறப்புவிழா செப்டம்பரில், நாடு முழுக்கப் பழைய கட்டடங்களைத் திறந்து காட்டும் வார இறுதியில். அதே வாரத் தொடக்கத்தில் நகராட்சியிலிருந்து நதேஜுக்கு ஆள் வந்தது. இனி கட்டடத்துக்கு முறையான படி இருப்பதால் தெருவுக்கு மேலே கூடை தொங்குவது பாதுகாப்பு விதிக்கு விரோதம். கொண்டுபோவதைப் படி வழியாகக் கொண்டுபோகலாம். நதேஜ் கீழே நின்று அந்தப் படிகளைப் பார்த்தாள்.

"எனக்கு முட்டி சரியில்ல மதாம்" என்று மாடியைப் பார்த்துக் கத்தினாள். "முதல் படியிலேயே உக்காந்துடுவேன். மன்னிச்சிக்கோங்க."

"உன் முட்டிக்கு என்னடி? போன வாரம் கல்யாணத்துல ஆடினியாமே?"

நதேஜ் கடைக்குள் போய்விட்டாள். அவளுக்குச் சதுக்கத்தில் நாற்காலி போட நகராட்சி அனுமதி புதுப்பிக்கவேண்டிய மாதம் அது.

சொலான்ஜ் மூன்று நாள் மாவும் பருப்பும் வைத்துச் சமாளித்தாள். நாலாவது நாள் ஜன்னலில் வரவில்லை. உணவகத்தில் பேச்சுக் குறைந்தது, எல்லோரும் மேலே பார்த்தபடியே காப்பி குடித்தார்கள். ஐந்தாவது நாள், சனிக்கிழமை காலை, வாத்தியக் குழு சதுக்கத்தில் வந்து நின்றது. மேயர் தேசக்கொடியின் மூவண்ணப் பட்டை கட்டியிருந்தார். கத்தரிக்கோல் ஒரு பட்டுத் தலையணைமேல் இருந்தது. கதவு திறந்ததும், படியின் உச்சியில் சொலான்ஜ் நின்றிருப்பதை எல்லோரும் பார்த்தார்கள். கல்யாணங்களுக்குப் போடும் நீல உடை, கையில் கைப்பை.

"கடைக்குப் போயிட்டு வரேன்" என்றாள். "வழிய விடுங்க."

நின்றபடி இறங்க முடியவில்லை. உட்கார்ந்துகொண்டாள். பிட்டத்தால் ஒவ்வொரு படியாக நகர்ந்து, கூரான முனையில் உடை கிழிய, தூணைக் கட்டிப் பிடித்துச் சுழன்று சுழன்று இறங்கினாள். வாத்தியக் குழுவுக்கு எப்போது தொடங்குவது என்று தெரியவில்லை, பாதியிலேயே தொடங்கிவிட்டது. நாட்டியப் பாட்டு. தாளத்துக்கு ஏற்ப அவள் இறங்குவதுபோல அமைந்தது. யாரோ கைதட்ட, கூட்டமே தட்டியது. குழந்தைகளைத் தோளில் தூக்கிக் காட்டினார்கள். கடைசிப் படியில் ஒரு செருப்பு கழன்று மேயர் காலடியில் வந்து விழுந்தது. அவர் அதை எடுத்து, குனிந்து, மண்டியிட்டு, அவள் காலில் மாட்டிவிட்டார். பத்திரிகைக்காரர் அதைப் படம் எடுத்தார். நல்ல படம்.

தள்ளாடிக்கொண்டே எதிர்க்கடைக்குப் போனாள். ரொட்டி, வெண்ணெய், ஒரு துண்டு பன்றிக்கறி வாங்கினாள். நதேஜ் காசு வேண்டாம் என்றாள். அவள் கேட்டதாகத் தெரியவில்லை, சில்லறையை மேஜைமேல் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். ரிப்பன் வெட்டியாகியிருந்தது. வரிசை சதுக்கத்தின் பாதிவரை நீண்டிருந்தது.

முதல் படியில் கால் வைத்தாள். மறுகாலைத் தூக்க முடியவில்லை. பையைப் பல்லில் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் தூணைப் பிடித்து ஏறினாள். இரண்டாவது படியில் இருந்தாள். மூன்றாவதற்கு முழங்காலைத் தூக்கியபோது வழுக்கி முதல் படியில் வந்து உட்கார்ந்தாள். வரிசையில் யாரோ சிரித்தார்கள், யாரோ உஸ் என்றார்கள்.

"திதியே. பின்னாலருந்து ஒரு கை குடு."

"குடுக்கலாம் மதாம். ஆனா ஏதாவது ஆச்சுன்னா பொறுப்பு யாரு?"

"நீ குடுக்கவேணாம். வேற யாராச்சும்?"

அவள் வரிசையைப் பார்த்தாள். அவள் மூக்கைப் பிடித்து ஊட்டி வளர்த்தவர்கள் பாதிப்பேர் அங்கே இருந்தார்கள். ஒருவர் முன்னால் வரத்தான் பார்த்தார், அஞ்சலகத்து ஆள். அவர் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இடுப்பு வலிங்கறீங்க, பேசாம நில்லுங்க."

"மதாம், தயவுசெஞ்சு," என்றார் ஆர்மெல் மென்மையாக, "மெழுகு இன்னும் காயலை. ரேகை படியுது."

அவள் எழுந்திருக்கவில்லை. ரொட்டியைப் பிய்த்து அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். பசி. விழா அவளைத் தாண்ட முடியாமல் மதியம்வரை நின்றது. பிறகு தீயணைப்பு வண்டி வந்தது, இந்தத் தடவை ஏணி இல்லாமல், சக்கர நாற்காலியோடு. வைத்தியர் பார்த்துவிட்டுச் சத்துக்குறைவு என்றார், தனியாக இருக்கக்கூடாது என்றார். லிண்டன் இல்லத்தில் அறை தயாராக இருந்தது. வெகுநாளாகத் தயாராக இருந்தது.

அங்கேயும் அவள் திருந்தவில்லை. பக்கத்து மேஜைக்காரர்கள் தட்டில் மிச்சம் வைத்தால் முறைப்பாள். மேயரின் தாயாரிடம் மகன் வரவில்லையே என்று தினமும் ஞாபகப்படுத்துவாள். எப்போது வீட்டுக்கு அனுப்புவீர்கள் என்று செவிலியரிடம் கேட்பாள். முதலில் காலையில் கேட்டாள். பிறகு சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும். படி ஏறத் தெரிந்தால் அனுப்புகிறோம் என்றார்கள். இல்லத்தில் படியே கிடையாது, பழக. தாழ்வாரத்தில் ஒரு நாற்காலிமேல் ஏறி ஏறி இறங்கினாள். விழுந்த பிறகு நாற்காலிகளை எல்லாம் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார்கள். டிசம்பரில் மூன்று மாதம் முடிந்தது. மேயர் ஒரு பூந்தொட்டி அனுப்பினார்.

ஜனவரியில் பாதுகாப்புக் குழு வீட்டைப் பார்வையிட வந்தது. படிக்கட்டைப் பார்த்தார்கள், ஏறவே மறுத்துவிட்டார்கள். பொதுமக்கள் யாரும் இதில் கால் வைக்கக்கூடாது. பொதுக் கட்டடம் என்றால் கைப்பிடி வேண்டும், நடக்க முடியாதவர்களுக்கு மின்தூக்கி வேண்டும், சட்டம். ஆர்மெல் ஒருநாள் முழுக்க அழுதார். மறுநாள் அவரே இடம் காட்டினார். பின்கட்டில், உத்தரங்கள் கெடாமல், கண்ணாடிப் பெட்டிபோல ஒரு மின்தூக்கி. அதிகாரி ஒரே வாரத்தில் கையெழுத்திட்டார். ஈஸ்டருக்குள் ஓடத் தொடங்கியது.

முதல் சவாரி லிண்டன் இல்லத்து முதியவர்களுக்கு இலவசம் என்று மேயர் அறிவித்தார். பேருந்தில் கூட்டிவந்தார்கள். எல்லோர் சட்டையிலும் பச்சை வட்டம் ஒட்டினார்கள். சொலான்ஜ் நீல உடை போட்டிருந்தாள், கிழிந்த இடத்தைத் தைத்திருந்தாள். மின்தூக்கி சத்தமே இல்லாமல் ஏறியது. கதவு திறந்தால் அவள் சமையலறை. ஆரஞ்சுப் பூக் காகிதம் உரித்திருந்தது. அவள் கட்டில் இருந்த இடத்தில் குட்டையான மரக்கட்டில், வைக்கோல் மெத்தை, முன்னால் ஒரு சிவப்புக் கயிறு.

"இங்கதான் வணிகரின் குடும்பம் தூங்கியிருக்கும்" என்று ஆர்மெல் சொல்லிக்கொண்டிருந்தார். "அதுக்கப்புறம் பல நூற்றாண்டா இங்க குறிப்பா யாரும் இல்லை."

சொலான்ஜ் கயிற்றைத் தூக்கி அடியில் நுழைந்தாள். மெதுவாகப் போய்க் கட்டிலில் படுத்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மேயரின் தாயார், "எனக்கும் தூக்கம் வருது" என்றார்.

ஆர்மெல் கட்டிலருகே குனிந்தார். குரல் உண்மையிலேயே அன்பாக இருந்தது.

"மதாம், எழுந்திருங்க. அடுத்த குழு கீழே காத்துக்கிட்டிருக்கு."

"எவ்வளவு நேரம் இருக்கலாம்?" என்றாள் சுவரைப் பார்த்தபடி.

"ஒரு குழுவுக்குப் பத்து நிமிஷம்."

"எனக்கு எவ்வளவு மிச்சம்?"

ஆர்மெல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "முடிஞ்சிருச்சு மதாம்."

செவிலியர் இரண்டு பேர் வந்து பக்கத்துக்கு ஒருவராகப் பிடித்து எழுப்பினார்கள். கையிலிருந்து வைக்கோல் உதிர்ந்தது. அதைத் தரையிலிருந்து பொறுக்கி மெத்தைக்குள் சொருகிவிட்டு, ஆர்மெல் கயிற்றை மறுபடி மாட்டினார்.